தோரியனைட்டைக் கண்டுபிடித்தவர் யார்? கலைக்களஞ்சியக் கூற்று ஒன்றின் மறுஆய்வு

பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 11ஆம் பதிப்பு (1911) தோரியனைட் பற்றிய சிறு பதிவில் ஒரு பங்கீட்டைச் செய்கிறது. கனிமத்தைக் கண்டுபிடித்தவர் ஆனந்த குமாரசுவாமி. அதில் ஏறத்தாழ 75 விழுக்காடு தோரியா (தோரியம் ஆக்சைடு) இருப்பதை நிறுவியவர் வேதியியலாளர் டன்ஸ்டன். குமாரசுவாமியின் வாழ்க்கைக் குறிப்புகள் பலவும் இதையே வழிமொழிகின்றன. ஆனால் கண்டுபிடிப்பு முதலில் நடந்தது, வேதியியல் அதைப் பின்னர் உறுதி செய்தது என்னும் இந்த வரிசையே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

இலங்கை கனிம ஆய்வுத் துறைக்கு 1903 முதல் 1906 வரை தலைமை வகித்தவர் குமாரசுவாமி. சப்ரகமுவ மாகாணத்தின் பலாங்கொடைப் பகுதியில் கனிமத் தேடலில் இருந்த ஹாலண்ட் என்பவர் கையில்தான் இப்பொருள் முதலில் சிக்கியது. மாணிக்கச் சரளையை அரித்தெடுக்கும்போது கூடையின் அடியில் தங்கிவிடும் கனத்த கசடில் அது கிடைத்தது. கல் சிறியது, கரியது, கனசதுர வடிவினது. ஓடும் நீரில் உருண்டு விளிம்புகள் மழுங்கியது. உடைத்த முகத்தில் மட்டும் கீல் போன்ற பளபளப்பு. இதன் தாய்ப்பாறையாக பம்பரபொட்டுவ வட்டாரத்தில் கொண்டுருகல அருகேயுள்ள சிறிய பெக்மடைட் நாளம் சுட்டப்படுகிறது. எனினும் கிடைத்தவற்றில் பெரும்பகுதி சரளையிலிருந்து வந்ததே. ஆகவே முதல் கல் எந்த நாளில் கிடைத்தது என்று தேதி குறிக்க முயல்வது வீண். 1904 என்பது இக்கனிமம் பற்றிய செய்தி அச்சேறிய ஆண்டு மட்டுமே.

குமாரசுவாமி இக்கல்லை யுரேனியக் கனிமமான யுரேனினைட் என்று கருதினார். கலைக்களஞ்சியம் இதைச் சொல்லவே இல்லை. அவருடைய பெருமைக்கு இழுக்கு என்று பின்வந்தோர் இதைத் தயக்கத்துடன் தொட்டுச் செல்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணமில்லை. யுரேனினைட்டும் கரியது, கனசதுரத் தொகுதியைச் சேர்ந்தது, கதிரியக்கம் உடையது. தோரியனைட்டின் ஒப்படர்த்தி 8.0 முதல் 9.7 வரை விரிகிறது. யுரேனினைட்டின் அளவுகளும் இந்த வரம்போடு மேற்பொருந்துகின்றன. கண்ணும் தராசும் இவ்விரண்டையும் பிரித்துக்காட்டாது.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு வலுவான சான்று பலாங்கொடையில் இல்லை, தென்னிலங்கையின் காலியில் இருக்கிறது. டன்ஸ்டனும் ஜோன்ஸும் 1906இல் ராயல் சொசைட்டி வெளியீட்டில் காலியிலிருந்து வந்த தோரியனைட் வகை ஒன்றை விவரித்தனர். பலாங்கொடைக் கற்களில் தோரியா 70 விழுக்காட்டுக்கு மேல். யுரேனிய ஆக்சைடு குறைவு. காலிக் கல்லிலோ தோரியா 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது. யுரேனிய ஆக்சைடு மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. இரண்டு ஆக்சைடுகளும் ஒரே படிக அமைப்பில் பல விகிதங்களில் கலக்கக்கூடியவை என்பதை நாம் இன்று அறிவோம். அவ்வகையில் காலிக் கல், ஒரு கனிமம் மற்றொன்றாக மாறிச் செல்லும் பாதையில் நிற்கிறது. எல்லைக்கோடே விகிதத்தால் வகுக்கப்படும்போது, விகிதத்தை அளப்பதற்கு முன் புதிய இனம் என்று ஒன்றில்லை. எனவே லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் டன்ஸ்டனும் பிளேக்கும் செய்த பகுப்பாய்வை ஏற்கெனவே நடந்த கண்டுபிடிப்பின் சரிபார்ப்பாகக் கொள்ள முடியாது. அதுவே கண்டுபிடிப்பு.

காலிக் கல் 1904ஆம் ஆண்டு விவாதத்தில் இடம்பெறவில்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. குமாரசுவாமி எக்கல்லை வைத்து முடிவுக்கு வந்தார் என்பதைக் காலிக் கல் நிறுவாது. அந்த முடிவு ஏன் இயல்பானது என்பதை மட்டுமே விளக்கும்.

மற்றொரு இலங்கைக் கனிமமான செரண்டிபைட்டுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அதைக் குமாரசுவாமி பிரிட்டிஷ் மியூசியத்தின் பிரயருடன் சேர்ந்து புதிய போரோசிலிக்கேட்டாக விவரித்தார். களமும் ஆய்வகமும் ஒரே கட்டுரையில் இரு பெயர்களாகக் கையொப்பமிட்டன. தோரியனைட்டில் அந்தக் கூட்டு இல்லை.

கல்லின் பிற்கால வரலாறும் ஆய்வகத்தின் பக்கமே சாய்கிறது. எரிவாயு விளக்கு வலைகளுக்குத் தோரியா தேவைப்பட்டதால் சந்தை உடனே கவனித்தது. லண்டனில் ராம்சேயின் ஆய்வகத்தில், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து வந்த பொருளில் ரேடியத்தைப் பிரிக்க முயன்ற ஓட்டோ ஹான், 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டார். அது இன்று தோரியம்-228 எனப்படுகிறது.

ஆகவே பங்கீட்டை இப்படித் திருத்தலாம்: எடுத்தவர் ஹாலண்ட், யுரேனினைட் என்று வகைப்படுத்தியவர் குமாரசுவாமி, புதிய இனமென நிறுவிப் பெயரிட்டது டன்ஸ்டனின் ஆய்வகம். குமாரசுவாமியின் கனிமவியல் பணிக்குச் சான்று தேடுவோர் செரண்டிபைட்டை எடுத்துக்காட்டட்டும். அங்கே கடன் வாங்கிய புகழ் தேவையில்லை.