எழுத்து மாற்று மறைமொழி: அத்பாஷும் மூலதேவீயமும்

ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை எழுதிச் செய்தியை மறைப்பது எழுத்து மாற்று மறைமொழி எனப்படும். இதன் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று எபிரேய மொழியில் உள்ள அத்பாஷ் முறையாகும்.

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் உள்ளன. முதல் எழுத்தான ஆலெஃபுக்குக் கடைசி எழுத்தான தாவ், இரண்டாவதான பேத்துக்குக் கடைசிக்கு முந்தையதான ஷீன் என இம்முறை எழுத்துகளை இணை சேர்க்கிறது. 'அத்பாஷ்' என்ற பெயரே இந்த நான்கு எழுத்துகளால் ஆனது. இணையும் இரண்டு எழுத்துகளின் வரிசை எண்களைக் கூட்டினால் எப்போதும் 23 வரும். மறைக்கவும் மீட்கவும் ஒரே அட்டவணை போதும்.

விவிலியத்தில் எரேமியா நூலில் (25:26, 51:41) வரும் 'சேசாக்கு' என்னும் பெயர் இதற்குச் சான்று. எபிரேயத்தில் உயிரொலிகளை விட்டு மெய்களை மட்டும் எழுதினால் பாபேல் என்பது ப-ப-ல ஆகும். பேத் (2) ஷீனாகவும் (21), லாமேத் (12) காஃபாகவும் (11) மாற, ஷ-ஷ-க கிடைக்கிறது. அதுவே சேசாக்கு. 51:1-இல் கல்தேயரைக் குறிக்கும் 'கஸ்தீம்' என்ற சொல் 'லேப் காமாய்' என்று மாறியுள்ளது. 'என்னை எதிர்த்து எழுவோரின் இதயம்' என்ற பொருளும் அதற்கு அமைந்துவிட்டது!

பாபிலோனியருக்கு அஞ்சி மறைத்தார்கள் என்பது ஒரு விளக்கம். ஆனால் 51:41-இல் சேசாக்கு வரும் அதே வசனத்தில் பாபிலோன் என்ற பெயரும் வெளிப்படையாகவே உள்ளது. எனவே அங்கே இதைச் சொல் விளையாட்டாகவோ ஏளனமாகவோ கொள்வதே பொருத்தம்.

இந்தியாவிலும் இத்தகைய முறை இருந்தது. காமசூத்திரம் கூறும் 64 கலைகளுள் 'மிலேச்சித விகல்பம்' என்னும் மறைமொழிக் கலையும் ஒன்று. அந்நூலுக்கு 13ஆம் நூற்றாண்டில் 'ஜயமங்களா' என்ற உரை எழுதிய யசோதரர், கௌடிலீயம், மூலதேவீயம் என்னும் முறைகளை இதற்கு எடுத்துக்காட்டுகிறார். மூலதேவீயத்தில் அகரமும் ககரமும், தகரமும் பகரமும், நகரமும் மகரமும் இடம் மாறும். 'நாம' என்பது 'மாந' ஆகும். இணை சேராத எழுத்துகள் மாறுவதில்லை. அத்பாஷைப் போல எண் வரிசை விதி எதுவும் இதற்கு இல்லை. இணைகளை மனப்பாடம் செய்தே தீர வேண்டும்.

தமிழின் 18 மெய்களுக்கு அத்பாஷைப் பொருத்திப் பார்க்கலாம். கூட்டுத்தொகை 19. க-வுக்கு ன, ம-வுக்கு ப. உயிர்க்குறிகளை மாற்றாமல் எழுதினால், பெரம்பலூர் மாவட்டத்துக் 'குன்னம்' 'னுக்கப்' ஆகிவிடும். னகரம் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது, பகர மெய் இறுதியில் வராது. நன்னூல் படித்த மாணவர், இது இயல்பான சொல் அன்று என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். உயிரொலியை எழுதாத எபிரேயத்தில், மாற்றிய எழுத்துகளையும் ஏதோ ஓர் ஊர்ப்பெயர்போல வாசித்துவிட முடிகிறது.

நன்னூல் கூறும் குழூஉக்குறி இதிலிருந்து வேறுபட்டது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதில் மாறுவது எழுத்தன்று, சொல். எழுத்து மாற்றத்தை உடைக்கும் வழியை 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதி வைத்தார். ஒரு மொழியில் எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணி, மறைமொழியில் அதே அளவு வரும் எழுத்தோடு ஒப்பிட வேண்டும். செய்தி நீண்டதாக இருந்தால் அட்டவணை தெரியாமலே பெரும்பகுதியைப் படித்துவிடலாம். சேசாக்கு போன்ற ஒற்றைச் சொல்லில் மட்டும் இந்த எண்ணிக்கை உதவாது.