ஆங்கிலத்தில் இலத்தீன் பன்மைகள்

ஆங்கிலத்தில் இலத்தீன் பன்மைகள் என்பவை, இலத்தீனிலிருந்து ஆங்கிலம் கடன்பெற்ற பெயர்ச்சொற்கள் ஆங்கிலத்துக்கு இயல்பான 'ஸ்' விகுதியை ஏற்காமல் இலத்தீன் இலக்கண முறைப்படி பெறும் பன்மை வடிவங்கள் ஆகும். சில சொற்கள் இரு மொழிகளின் முறைப்படியும் பன்மை ஏற்கும். சில ஒன்றை மட்டுமே ஏற்கும். சொல்லின் பிறப்பை மட்டும் கொண்டு இதனை முடிவு செய்ய இயலாது. ஆங்கில வழக்கில் நிலைபெற்ற வடிவமே சரியானதாகக் கொள்ளப்படுகிறது.

ஈற்று மாற்றங்கள்

ஒலிப்பின்படி முதன்மையான மாற்றங்கள் பின்வருமாறு:

* அலம்னஸ் (முன்னாள் மாணவர்) – அலம்னை
* அலம்னா (முன்னாள் மாணவி) – அலம்னீ
* பாக்டீரியம் – பாக்டீரியா
* அப்பெண்டிக்ஸ் (பின்னிணைப்பு) – அப்பெண்டிசீஸ்

இருபாலரும் கலந்த குழுவை 'அலம்னை' என்பது மரபு. ஒருவரை மட்டும் சுட்டி 'ஹீ இஸ் அன் அலம்னை' என எழுதுவது பிழை. 'ஹீ இஸ் அன் அலம்னஸ்' என்பதே சரி.

வினை இயைபு

பன்மைப் பெயர் பன்மை வினையைக் கொள்ளும். ஆகவே 'பாக்டீரியா' என்பதை அடுத்து 'ஆர்' வரவேண்டும். 'இஸ்' வருதல் பிழை. 'டேட்டா' என்பது 'டேட்டம்' என்பதன் பன்மை. அறிவியல் எழுத்தில் இது பெரும்பாலும் பன்மை வினை கொள்ளும். பொது வழக்கில் எண்ணப்படாப் பெயராகி ஒருமை வினை கொள்ளும். இரண்டும் ஏற்புடையன, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலத்தல் தவிர்க்கப்படுகிறது. 'அஜெண்டா' இலத்தீனில் 'செய்யவேண்டியவை' எனப் பொருள்படும் பன்மைச் சொல்லாயினும், தற்கால ஆங்கிலத்தில் ஒருமையே. அதன் பன்மை 'அஜெண்டாஸ்'.

பொருள் வேறுபாடு

சில சொற்களில் பன்மை வடிவம் பொருளையும் வேறுபடுத்துகிறது. பூச்சிகளின் உணர்கொம்புகள் 'அன்டெனீ' எனவும், வானொலி அலைவாங்கிகள் 'அன்டெனாஸ்' எனவும் வழங்கும். கணிதத்தில் அடுக்குக்குறிகள் 'இன்டிசீஸ்'; நூல்களின் சொல்லடைவுகள் பெரும்பாலும் 'இன்டெக்ஸஸ்'.

போலிப் பன்மைகள்

'அஸ்' என முடியும் எல்லாச் சொற்களும் 'ஐ' ஈறு பெறுவதில்லை.

* இக்னொரேமஸ்: 'அறியோம்' எனப் பொருள்படும் இலத்தீன் வினைமுற்று. போதிய சான்றில்லாத குற்றச்சாட்டின்மீது இங்கிலாந்தின் நடுவர் குழுவினர் இதனை எழுதினர். அறிவற்ற வழக்கறிஞர் ஒருவரை எள்ளி ஜார்ஜ் ரகிள் எழுதிய நாடகம் இதே பெயரில் 1615 இல் நடிக்கப்பட்டது. பின்னர் இச்சொல் 'அறிவிலி' எனும் பொருள் பெற்றது. பெயராக இல்லாத சொல்லுக்கு இலத்தீன் பெயர்ப்பன்மை பொருந்தாது; ஆங்கிலப் பன்மை 'இக்னொரேமஸஸ்'.
* ஆக்டோபஸ்: கிரேக்க வேர் கொண்டது. 'ஆக்டோபை' சில அகராதிகளில் இடம்பெற்றாலும், 'ஆக்டோபஸஸ்' என்பதே பெருவழக்கு.
* வைரஸ்: இலத்தீனில் 'நஞ்சு' எனப் பொருள்படும். ஆங்கிலப் பன்மை 'வைரஸஸ்' மட்டுமே.