நீக்கப்பட்ட ஒரு பந்தி

1994இல் பில் செஸ்விக், ஸ்டீவ் பெலோவின் என்று இரண்டு பேர் இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். இரண்டு பேருமே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்கள். எழுதும்போது ஒரு பந்தியைச் சேர்த்து, பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பந்தி சொன்ன விசயம் இதுதான்: இணையத்தில் இருக்கிற எந்தச் சேவரையும், கடவுச்சொல் திருடாமல், உள்ளே புகாமல், தூரத்தில் இருந்தே வாயடைக்க வைக்கலாம். அந்த நேரத்தில் அதற்குச் சரியான மருந்து ஒன்றும் கையில் இல்லை.

அடுத்த இரண்டு வருசத்தில் அந்த மருந்தைக் கண்டுபிடிக்க யாரும் பெரிதாக மினக்கெடவில்லை. 1996இல் ஹக்கர்களின் சஞ்சிகைகளான ‘ஃபிராக்’கும் ‘2600’உம் அதே முறையை விவரித்துப் போட்டுவிட்டன. ஃபிராக்கில் வந்தது ஓட்டிப் பார்க்கக்கூடிய நிரலோடேயே வந்தது. செப்டெம்பர் 6ஆம் திகதி நியூயோர்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனமான பனிக்ஸ் தாக்கப்பட்டது. மின்னஞ்சல், இணையப் பக்கம், உள்நுழைவு எல்லாம் நாட்கணக்கில் தடுமாறின.

என்ன நடந்தது என்று விளங்க, எங்கட பஸ்ஸை நினைத்துப் பாருங்கோ. யன்னலுக்குள்ளால லேஞ்சியை எறிந்து சீற்று பிடிப்பார்கள் தானே. லேஞ்சி கிடந்தால் ஆள் வருகுது என்று நம்பி மற்றவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். இணையத்தில் இரண்டு கணினிகள் கதைக்கத் தொடங்குவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். முதலாவது கணினி “கதைக்கலாமா?” என்று ஒரு பொதி அனுப்பும். மற்றது “ஓம், வாங்கோ” என்று பதில் அனுப்பிவிட்டு, தன் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். “வாறன்” என்ற மூன்றாவது செய்தி வந்தால்தான் தொடர்பு முழுமையாகும். தாக்குகிறவர் பொய் முகவரிகளில் இருந்து லேஞ்சிகளை மட்டும் எறிந்துகொண்டே இருந்தார். ஆள் ஒருத்தரும் வரவில்லை. பழைய யுனிக்ஸ் அமைப்புகள் பலவற்றில் இப்படிக் காத்திருக்க விடும் இடங்கள் பத்துக்கும் குறைவு. ஒவ்வோர் இடமும் 75 விநாடி வரைக்கும் வெறுமனே பிடிபட்டுக் கிடக்கும். கணக்குப் போட்டால் தெரியும், இதைச் செய்ய ஒரு சாதாரண மொடம் இணைப்பே காணும்.

இதை வெறும் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இணையத்தின் அடிப்படை விதிகள் 1981இல் எழுதப்பட்டு, 1983 ஜனவரி 1ஆம் திகதி ஆர்பாநெட் முழுவதும் அவற்றுக்கு மாறியது. அப்போது அதில் இருந்தவை பல்கலைக்கழகங்கள், ஆய்வுகூடங்கள், இராணுவ நிறுவனங்கள். 1988இல் டேவிட் கிளார்க் இந்த வடிவமைப்பின் நோக்கங்களை முன்னுரிமைப்படி ஒரு கட்டுரையில் வரிசைப்படுத்தினார். வலையமைப்பின் ஒரு பகுதி அழிந்தாலும் மிச்சம் வேலை செய்ய வேண்டும் என்பது மேலே இருக்கிறது. யார் எவ்வளவு பாவிக்கிறார்கள் என்று கணக்கு வைப்பது கடைசியில். உள்ளே இருக்கிறவரே வேண்டுமென்று குழப்புவார் என்ற பயம் அந்தப் பட்டியலில் இல்லை. ஜோன் போஸ்டல் எழுதி வைத்த புகழ்பெற்ற அறிவுரையும் அதே மனநிலைதான்: நீ அனுப்புவதில் கவனமாக இரு, மற்றவர் அனுப்புவதைத் தாராளமாக ஏற்றுக்கொள். நல்ல மனுசருக்கான விதி அது.

1995இல் நிலைமை மாறியது. அமெரிக்க அரசு நடத்திய முதுகெலும்பு வலையமைப்பு ஏப்ரலில் மூடப்பட்டு, இணையம் வணிக நிறுவனங்களின் கைக்குப் போனது. ஓகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. ஆய்வுகூடத்துக்காக எழுதின விதிகள் இப்போது வீடுகளுக்குள். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருசமும் ஒரு கொள்ளை நோய்க் காலம் மாதிரி.

அதில் எனக்குப் பிடித்தது (பிடித்தது என்று சொல்லலாமோ தெரியவில்லை) ‘பிங் ஒஃப் டெத்’. பிங் என்பது ஓர் அப்பாவி நிரல். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றில் மைக் மூஸ் எழுதியது. மறுபக்கக் கணினி உயிரோடு இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். நீர்மூழ்கிகளின் சோனார் சத்தத்தை வைத்து அந்தப் பெயர்.

இணையத்தில் போகிற ஒரு பொதியின் நீளத்தைக் குறிக்க 16 பிட் இடம் இருக்கிறது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. அதைவிடப் பெரிய பொதி ஒன்றை எழுதிக் காட்டவே முடியாது. ஆனால் ஈதர்நெட் கம்பியில் ஒரு தடவையில் 1,500 பைட்தான் போகும் என்பதால் பெரிய பொதியைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டிலும் “நான் இத்தனையாவது இடத்தில் பொருந்த வேண்டும்” என்று எழுதியிருக்கும். அந்த இடம் அதிகபட்சம் 65,528 ஆக இருக்கலாம். அந்த இடத்தில் ஏழு பைட்டுக்கு மேல் கொண்ட ஒரு துண்டு வந்தால்? தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் துண்டிலும் பிழையில்லை. ஒட்டும்போதுதான் 65,535ஐத் தாண்டி, பக்கத்து நினைவகத்துக்குள் வழியும். இருக்க முடியாத பொதி என்பதால், அது வந்தால் என்ன செய்வது என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை. பொறுங்கி விழும், இல்லாவிட்டால் தானாக மறுபடி தொடங்கும்.

1996 கடைசியில் இது வெளியே வந்தபோது யுனிக்ஸ், லினக்ஸ், விண்டோஸ், மக், றவுட்டர்கள், ஏன், பிரிண்டர்கள் கூட விழுந்தன. விண்டோஸ் 95 வைத்திருந்த யாரும் ஒற்றை வரிக் கட்டளையால் இதைச் செய்யலாம். லினக்ஸுக்குத் திருத்தம் சில மணித்தியாலத்தில் வந்தது.

1997 மே மாதம் ‘வின்நியூக்’. 139ஆம் இலக்க வாயிலுக்கு “அவசரம்” என்று குறியிட்ட ஒரு பொதியை அனுப்பினால் விண்டோஸ் நீலத்திரையாகிவிடும். அரட்டை அறைகளில் கோபம் வந்தால் எதிராளியின் கணினியை விழுத்த இதைப் பாவித்தார்கள். சேமிக்காமல் கிடந்த வேலை எல்லாம் போய்விடும். அதே நவம்பரில் ‘லாண்ட்’: அனுப்புநரும் பெறுநரும் ஒரே முகவரியாக ஒரு பொதி. கணினி தனக்குத்தானே பதில் சொல்லிச் சொல்லி உறைந்துவிடும்.

சரி, செஸ்விக்கும் பெலோவினும் அந்தப் பந்தியை விட்டிருக்க வேண்டுமா? தீர்வில்லாத ஆயுதத்தை அச்சடிப்பது பொறுப்பற்றது என்று வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கு. ஆனால் பனிக்ஸ் தாக்கப்பட்ட அதே மாதத்திலேயே டான் பேர்ன்ஸ்டைனும் எரிக் ஷெங்கும் ஒரு தீர்வை யோசித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சீற்றே பிடித்து வைக்காதே; வாறவரின் விவரத்தை ஒரு துண்டில் மறைகுறியாக எழுதி அவரிடமே கொடுத்து விடு, அதைத் திருப்பிக் கொண்டு வந்தால் அப்போது இடம் கொடு. ‘சின் குக்கி’ என்கிற இந்த முறைக்குப் புதிய இயந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. 1994இலேயே யாராவது உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறன். மறைத்து வைத்த இரண்டு வருசத்தில் அவசரம் என்ற உணர்வும் சேர்ந்து மறைந்துபோனது.

பொய் முகவரிப் பிரச்சினைக்கும் 1998லேயே பரிந்துரை வந்தது: ஒவ்வொரு சேவை நிறுவனமும் தன் வாசலால் வெளியேறும் பொதிகளின் அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்க வேண்டும். செலவு செய்கிறவர் ஒருவர், நன்மை அடைகிறவர் வேறொருவர். அதனால் இன்றைக்கும் எல்லாரும் அதைச் செய்வதில்லை.

1997இல் திருத்தப்பட்ட லாண்ட், 2005இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சேவைப் பொதியிலும் விண்டோஸ் சேவர் 2003இலும் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. பிங் ஒஃப் டெத்தின் தம்பி ஒன்று, புதிய ஐபிவி6 முகவரி முறைக்காக எழுதிய விண்டோஸ் நிரலில், 2013 ஓகஸ்டில் பிடிபட்டது.