அடுத்த ஆள் வரும் வரை



எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் ஷிப்டில் வேலை பார்க்கும் நம் கல்லூரிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: "ரிலீவர் இன்னும் வரலை சார்!" வர வேண்டியவன் தாமதித்தால் இருப்பவன் என்ன செய்வது? இந்தக் கேள்வி நம் சிப்காட் தொழிற்பேட்டையில் பிறந்ததல்ல. கப்பல்காரர்கள் பல நூற்றாண்டுகளாக இதோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். நான் படித்ததையும், நம் செட்டில் கப்பலுக்குப் போன நண்பர்கள் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எளாவூருக்குக் கிழக்கே இருக்கிறது பழவேற்காடு ஏரி. அதன் கரையில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்களில் மணற்கடிகாரம்தான் நேரம் சொன்னது. அரை மணிக்கு ஒரு தரம் அதைத் திருப்பி வைக்க வேண்டும். எட்டு முறை திருப்பினால் நாலு மணி நேரக் காவல் முடிந்தது. பாதிப் பேர் மேல்தளத்தில் நிற்க, மீதிப் பேர் கீழே தூங்குவார்கள். ஒரே ஆட்களுக்குத் தினமும் நள்ளிரவு விழக்கூடாது என்பதற்காக மாலை 4 முதல் 8 வரை உள்ள காவலை மட்டும் இரண்டாக வெட்டி, ஒரு நாளைக்கு ஏழு காவல் ஆக்கினார்கள். எவ்வளவு எளிமையான கணக்கு பாருங்கள்!

இதிலும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. குளிரில் நிற்பவன், மணல் முழுவதும் இறங்குவதற்கு முன்பே கடிகாரத்தைத் திருப்பிவிடுவானாம். அவன் லாபம் கீழே தூங்குபவனின் நஷ்டம். ஒருவன் ஓய்வு இன்னொருவன் உழைப்பிலிருந்துதான் வருகிறது என்பதைக் கடல் அன்றே காட்டிவிட்டது.

பிறகு நீராவிக் கப்பல் காலம். பிரிட்டிஷ் கப்பல்களில் நம் நாட்டு லஸ்கர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். அவர்களுக்குத் தலைவன் சாரங்கு. அவனுக்கு அடுத்தவன் தண்டல். சுக்கான் பிடிப்பவன் சுக்கானி. பெரும்பாலும் சாரங்கே தன் ஊர்ப்பக்கத்து ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவருவான். தாமதித்தவனை அவனே விசாரிப்பான், அவனே கண்டிப்பான். ஊரில் கடன் கொடுத்தவனும் பல சமயம் அவனே. எதிர்த்துப் பேச முடியுமா? 'கலாசி வாட்ச்' என்று ஒரு சொல்லே ஆங்கில மாலுமிகளிடம் வழங்கியது. எந்நேரம் கூப்பிட்டாலும் எல்லோரும் எழுந்து வர வேண்டும் என்பது அதன் பொருள். முறை வைத்து ஓய்வு இல்லாதவனுக்குத் தாமதம் என்பதற்கே அர்த்தம் ஏது?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1894-ஆம் வருடத்து பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டப்படி, அனுமதியில்லாமல் வேலைக்கு வராதவனின் சம்பளத்தில் இரண்டு நாள் கூலி வரை பிடிக்கலாம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. குற்றத்தைக் கப்பலின் பதிவேட்டில் எழுதி அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவன் சொல்லும் பதிலையும் அதிலேயே எழுத வேண்டும். "ஏன்டா லேட்டு?" என்று கேட்டால் மட்டும் போதாது, பதிலையும் கேட்டாக வேண்டும்.

ஆனால் தினசரி வாழ்க்கையில் கப்பலை நடத்தியது அபராதம் அல்ல, வழக்கம்தான். காவல் மாறுவதற்கு முன்பே போய் எழுப்பிவிடுவார்கள். வருபவன் சில நிமிடம் முன்னதாகவே வந்து நிற்பான். கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுப்பை ஏற்கக்கூடாது என்று சர்வதேச விதியே இருக்கிறது. பத்து நிமிடம் தாமதித்தவன் மறுநாள் பத்து நிமிடம் முன்னதாக வந்து கடனைத் தீர்ப்பான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: அடுத்த ஆள் வரும் வரை இடத்தை விட்டு நகரக்கூடாது. 1912-இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய பிறகும், உச்சிக் கூண்டில் இருந்த இரண்டு காவலாளிகள் மாற்று ஆட்கள் வந்த பின்னரே இறங்கினார்கள்.

இந்த விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1989 மார்ச் 24, அலாஸ்கா. எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பலில் மூன்றாம் அதிகாரியின் காவல் நள்ளிரவோடு முடிய வேண்டும். அடுத்து வர வேண்டியவர் களைத்துத் தூங்குகிறாரே என்று இவர் எழுப்பவில்லை; தானே தொடர்ந்தார். இவருக்கும் போதிய தூக்கம் இல்லை. 12 மணி 4 நிமிடத்துக்குக் கப்பல் பாறைத்திட்டில் ஏறியது. சுமார் 4 கோடி லிட்டர் எண்ணெய் கடலில் கொட்டியது. விசாரணை சொன்ன காரணங்களில் அந்த அதிகாரியின் களைப்பும் ஒன்று. இன்று விதிப்படி மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு தர வேண்டும். வருபவர் பணிக்குத் தகுதியான நிலையில் இல்லை என்று தோன்றினால் காவலை ஒப்படைக்காமல் கேப்டனிடம் சொல்ல வேண்டும்.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன்? எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில், ரிலீவர் வராததால் ஒருவர் 16 மணி நேரம் நின்றார். விடியற்காலையில் தவறான வால்வைத் திறந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் பார்த்துக் கத்தியதால் உயிர் தப்பியது. மறுநாள் விளக்கம் கேட்டு ஓலை போனது யாருக்கு? ரயில் நின்றுபோனதால் வர முடியாத அந்த ரிலீவருக்கு! நின்றவரின் களைப்பைப் பற்றி ஒரு வரி கூட எந்த ஏட்டிலும் இல்லை.

நாளை ஷிப்ட் என்ஜினியராகப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரே வார்த்தை. ஆள் வரவில்லை என்றால் வராதவனைத் திட்டுவதற்கு முன்னால், நிற்பவரின் முகத்தைப் பாருங்கள். அவர் எத்தனை மணியிலிருந்து நிற்கிறார் என்று கேளுங்கள். மாற்று ஆள் ஒருவரை முன்கூட்டியே பட்டியலில் வைத்திருங்கள். வந்தவர் பழகிக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுங்கள். தாமதத்துக்குத் தண்டனை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் நிற்பவருக்கு ஓய்வு அந்த நேரத்தில் கொடுத்தால்தான் உண்டு.