கணினிக்கு நேரம் சொல்லும் செய்மதி

ஒளிப்படமோ சிசிரிவி காணொளியோ கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதில் பதிவான நேரத்தைத்தான். அந்த நேரத்தைப் பதிந்த கடிகாரம் சரியானதா என்று கேட்பவர்கள் குறைவு. சாதாரணக் கணினிக் கடிகாரத்தை ஓட்டுவது மலிவான குவார்ட்ஸ் படிகம். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழைத்தாலே நாளொன்றுக்கு 1.7 செக்கன் விலகும். மாதத்துக்கு ஏறக்குறைய 50 செக்கன்.

இணையம் இருந்தால் கணினி நேரச் சேவையகங்களிடம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இணையம் இல்லாத இடத்தில் ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் போதும். ஜிபிஎஸ் செய்மதிகளில் அணுக்கடிகாரங்கள் உள்ளன. ஒளி ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் போய்விடும் என்பதால், நேரம் பிழைத்தால் இடமும் பிழைத்துவிடும். அதாவது, இடம் காட்டும் கருவி அடிப்படையில் ஒரு கடிகாரம்தான்.

சிக்கல் அந்த நேரத்தைக் கணினிக்குள் கொண்டுவருவதில் இருக்கிறது. யூஎஸ்பியில் செருகும் மலிவான ரிசீவர் நேரத்தை எழுத்து வரியாக அனுப்பும். அந்த வரி வந்துசேரும்போது அது குறிப்பிடும் செக்கனில் பாதி கழிந்திருக்கலாம். தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதுமில்லை. தபாலில் வந்த கடிதத்தைப் பார்த்துக் கடிகாரம் திருத்துவது போலத்தான். அதனால் நேரத்துக்கென வாங்கும் ரிசீவரில் பிபிஎஸ் என்ற தனி முனை இருக்கவேண்டும். ஒவ்வொரு செக்கனும் தொடங்கும் கணத்தில் அதில் ஒரு மின்துடிப்பு வரும். அதன் பிழை நானோசெக்கன் கணக்கில்தான். எந்தச் செக்கன் என்பதைத் துடிப்பு சொல்லாது, எழுத்து வரி சொல்லும். இரண்டும் வேண்டும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் அந்த முனையை நேரடியாக இணைத்து, லினக்ஸில் குரோனி மென்பொருளை இயக்கினால் கடிகாரம் சில மைக்ரோசெக்கனுக்குள் நிற்கும். வலையமைப்பிலுள்ள மற்றக் கணினிகளுக்கும் அதுவே நேரம் கொடுக்கும். அன்ரெனாவுக்கு வானம் தெரியவேண்டும். தகரக் கூரையின் கீழ் சரிவராது.

இன்னொன்று: ஜிபிஎஸ் நேரம் 1980 சனவரி 6 முதல் லீப் செக்கன் சேர்க்காமலே ஓடுகிறது. 2017 முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 செக்கன் முன்னால் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைச் செய்மதியே அறிவிக்கும், ஆனால் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான். புதிதாக இயக்கிய ரிசீவரை அதுவரை நம்பவேண்டாம்.

செய்மதிக்குத் தெரியாத ஒன்று நேர வலயம். 1996 மே மாதம் அரசு இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னிழுத்தது. 2006 ஏப்ரல் 15 இல் பழைய 5.30 க்கே திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. கணினியின் நேர வலயக் கோப்பிலோ இலங்கைக்கு ‘கொழும்பு’ என்ற ஒரே பதிவுதான் உண்டு. அக்கால வன்னிப் பதிவொன்றில் ‘காலை 9.00’ என்று இருந்தால், அது எந்த 9.00 என்பதை எழுதியவரிடமோ சாட்சியிடமோ கேட்டுத்தான் நான் குறித்துக்கொள்கிறேன்.