நினைவகப் பட்டையும் அதன் சோதனையும்

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசி, இயக்கியவுடன் தன் நினைவகத்தைத் தானே சோதித்தது. பழுது கண்டால் 201 என்ற எண்ணைத் திரையில் காட்டியது. அப்போது நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையில் தனித்தனியாகப் பொருத்தப்பட்டிருந்தன. 1983இல் வாங் லேபரட்டரீஸ் நிறுவனம் அவற்றை ஒரே பட்டையில் அடுக்கிய 'சிம்' வடிவத்தை உருவாக்கியது. அதன் 30, 72 முனை வகைகளுக்குப்பின் 1990களில் 168 முனை 'டிம்' பரவியது. டிடிஆர்4 வகை டிம் பட்டைக்கு 288 முனைகள்.

முனைகளின் தங்கப்பூச்சு அரிப்பைத் தடுக்கிறது. அது கீறப்பட்டாலும் பட்டை இயங்கக்கூடும். மின்வழங்கலுக்கும் தரையிணைப்புக்கும் பல முனைகள் இருப்பதே காரணம். தரவு முனை சிதைந்தாலோ பிட்கள் பிறழும்.

எனவே கணினி தொடங்குவது மட்டுமே சான்றாகாது. கிறிஸ் பிராடி 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரல், நினைவக முகவரிகளில் வெவ்வேறு பிட் வரிசைகளை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. பல சுற்றுகள் பிழையின்றி முடித்த பட்டையையே நம்பலாம். முனைகளைத் துடைத்தபின்னும், வேறு செருகுவாயில் பொருத்தியபின்னும் பிழை காட்டும் பட்டையை மாற்றிவிட வேண்டும்.