குழாயில் கேட்ட இணையம்

புதுச்சேரியின் வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு இணையம் முதலில் காதில்தான் விழுந்தது. கடற்கரையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, அடுத்த ஒரு நாளில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று தமிழில் சொல்லும். கேட்டுவிட்டுத்தான் கட்டுமரத்தைத் தள்ளுவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்பது முடிவாகும். கணிப்பு வந்தது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து. போர்க்கப்பலுக்குப் போட்ட கணக்கு கட்டுமரத்துக்கும் உதவிற்று!

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கனடா நாட்டு நிதியுடன் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய வேலை இது. ஊர்களில் தொலைபேசி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். அதனால் இணைய இணைப்பை வில்லியனூரில் வைத்துக்கொண்டு, மற்ற ஊர்களுக்கு வானொலி அலைவழியே செய்தி அனுப்பினார்கள். கரண்ட் போனால் சூரிய மின்தகடு. ஊர்ப் பெண்கள் தமிழில் தட்டச்சு பழகி மையங்களை நடத்தினார்கள். ஜனங்கள் கேட்டு வந்தது நெல் விலையும் அரசு உதவித் திட்டங்களும்தான்.

கருவி வந்துவிட்டது, அதை யார் வீட்டில் வைப்பது? மேல்சாதிக்காரர் திண்ணை என்றால் சேரிக்காரர் படியேறத் தயங்குவார். எனவே, ஊர்தான் இலவசமாக இடம் தரவேண்டும், தலித்துகள் உட்பட எல்லோரையும் உள்ளே விடவேண்டும் என்று நிறுவனம் முதலிலேயே பேசிவிட்டது. ஏம்பலத்தில் மையம் அமைந்ததோ கோயில் இடத்தில். அங்கே தலித்துகள் வந்தார்கள். மாதவிலக்கு நாளிலும் பெண்கள் வந்து கணினி முன் உட்கார்ந்தார்கள். இந்தத் திட்டத்தில் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால், கணினியை விட்டுவிட்டு இதைத்தான் சொல்லவேண்டும்.

2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் இணைய வசதி உள்ள குடும்பங்கள் நகரத்தில் 42 சதவீதம், கிராமத்தில் 14.9 சதவீதம். யார் வாசலை யார் மிதிக்கலாம் என்பது இந்தக் கணக்கில் வராது.

2004 டிசம்பர் 26. இந்தத் திட்டத்தின் மையம் இருந்த இன்னொரு கடற்கரை ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். அவர் ஒருகாலத்தில் அந்த ஊர் மையத்தில் வேலை பார்த்தவர். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து மைக்கைப் பிடித்தார்கள். தினமும் அலை உயரம் சொன்ன குழாய், அன்று ஓடச் சொன்னது. வீடுகளும் படகுகளும் போயின. ஊரில் இருந்த 3,500-க்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள்.